ஏனோக்கின் குழியில் ஆறாவது இடம்

மேவிஸ் ஹார்கிரீவ்ஸ் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுத ஒரு பென்சிலும் ஒரு மைப்பேனாவும் வைத்திருந்தாள். செத்துப்போன சொந்தங்களைப் பற்றி யாராவது வாயால் சொன்னால் அது பென்சிலில் ஏறும். முத்திரை குத்திய சான்றிதழ் தபாலில் வந்தால்தான் அதே வரி மையில் ஏறும். ஏழு வருஷத்தில் பதினோரு பென்சில் தீர்ந்துவிட்டது. மைப்புட்டி இன்னும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அவளுடைய முன்னோர்கள் எவ்வளவு உண்மை பேசினார்கள் என்பதற்கு அந்தப் புட்டியே சாட்சி.

அவளுக்கு வயது அறுபத்தொன்பது. லங்காஷயரில் ஹாக்ஸ்பாட்டம் என்கிற, மழைக்கும் மூடிக் கிடக்கும் பஞ்சாலைக்கும் நடுவே சுருண்டு படுத்திருக்கிற ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷம் கரண்டி பிடித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஆர்னல்டும் செய்துகொள்ளவில்லை. இருவரும் ஒரே வீட்டில், ஒரே டீக்கெட்டிலைப் பங்குபோட்டுக்கொண்டு காலம் தள்ளினார்கள். 1987இல் ஆர்னல்ட் போய்ச் சேர்ந்தான்.

அந்த ஊர்க் கல்லறைகளில் ஒரே குழிக்குள் ஒருவர்மேல் ஒருவராக ஆறு பேரை அடுக்குவது வழக்கம். ஹார்கிரீவ்ஸ் குடும்பக் குழியை வாங்கிப் போட்டவர் கொள்ளுத்தாத்தா ஏனோக். அதில் முதலில் இறங்கியவள் அவருடைய முதல் மனைவி ஹன்னா. பிறகு ஏனோக்கே இறங்கினார். அவர்மேல் இரண்டாம் மனைவி செலினா, அவள்மேல் ஹெர்பர்ட் சித்தப்பா, அவர்மேல் ஆர்னல்ட். மிச்சம் ஒரே ஒரு இடம்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் ஆர்னல்ட் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஹெர்பர்ட் சித்தப்பாவோட என்னைத் தனியா விட்டுறாதே மேவிஸ். அந்த ஆளு உசிரோட இருந்தப்பவே வாய மூடினதில்லை. நீ மெதுவா வா. அவசரமில்ல. ஆனா வந்து சேரு."

"வர்றேன்டா. படு" என்றாள் மேவிஸ். கொடுத்த வாக்கை அவள் இதுவரை மீறியதில்லை.

வில்லங்கம் சாவுச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்தது. ஹாம் என்கிற பன்றித் தொடைக்கறி போடாத சாவு அந்த ஊரில் சாவில் சேர்த்தியில்லை. மேவிஸ் தாராளமாகவே போட்டிருந்தாள். மூன்றாவது துண்டை மென்றுகொண்டிருந்த எட்னா ஆக்டன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பேச்சை எடுத்தாள். எட்னாவும் ஏனோக்கின் கொள்ளுப்பேத்திதான். மேவிஸைவிட ஐந்து வயது மூத்தவள். அவளுடைய கணவன் முப்பது வருஷத்துக்கு முன் பிளாக்பூலில் விடுதி நடத்திய ஒருத்தியோடு போனவன், அவளோடேயே வாழ்ந்து அவளோடேயே புதைந்தும் விட்டான். எட்னாவிடம் எஞ்சியிருந்தது குடும்பப் பெருமை ஒன்றுதான். அதை அவள் நாள்தோறும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"அந்த ஆறாவது இடம் எனக்குத்தான், பாத்துக்க. நான் ஹன்னா வழி. ஊரறிய மோதிரம் போட்டுக் கூட்டிட்டு வந்த பொண்டாட்டி வழி. எங்க தாத்தா ஜோஷுவாவப் பெத்துப்போட்டுட்டுத்தான் அந்த மகராசி கண்ண மூடுனா. நீங்க செலினா வழி. அவளுக்கும் ஏனோக்குக்கும் எந்த சர்ச்சுல கல்யாணம் ஆச்சுன்னு யாராச்சும் காட்டுங்களேன், பாப்போம்."

"காட்டுறேன். நீ வாயில இருக்கறத முழுங்கு மொதல்ல" என்றாள் மேவிஸ்.

அப்படித்தான் அவள் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு மைக்ரோஃபிலிம் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த பழைய கணக்கெடுப்புத் தாள்களைக் கைப்பிடியால் உருட்டிக்கொண்டே போவாள். அங்கே அவளைப்போலவே ஏழெட்டுப் பேர் உண்டு. வந்த புதிதில் எல்லோரும் ஒரு பிரபுவைத்தான் தேடுவார்கள். ஆறு மாதம் போனால் ஒரு மளிகைக் கடைக்காரர் கிடைத்தாலும் போதும் என்பார்கள். அதற்குப் பிறகு திருடன் கிடைத்தால்கூடச் சந்தோஷம்தான். ஓய்வுபெற்ற தபால்காரரான மிஸ்டர் கிளெக்குக்கு ஓர் ஆட்டுத் திருடன் கிடைத்திருந்தான். அதை அவர் சொல்லாமல் ஒரு டீயும் குடித்ததில்லை.

செலினாவைப் பிடிப்பது விலாங்கு மீனைப் பிடிக்கிற பாடாக இருந்தது. 1871 கணக்கெடுப்பில் ஏனோக்கின் மனைவி செலினா, வயது இருபத்தைந்து. 1881இல் முப்பத்துமூன்று. 1891இல் நாற்பது. கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் நின்று கேட்டதும் அவளுக்கு வயது தானாகக் குறைந்துவிடும் போலிருக்கிறது. அவள்தான் அப்படியென்றால் எட்னாவின் தாத்தா ஜோஷுவா அதற்குமேல். 1871இல் ஒன்பது வயது, அடுத்த பத்து வருஷத்தில் பதினேழு. அந்த வீட்டுத் தண்ணீரிலேயே ஏதோ கோளாறு என்று நினைத்து மேவிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1861ஆம் வருஷத்துத் தாளில் அவர்கள் தெரு இருந்த பக்கங்களே காணாமல் போயிருந்தன.

செலினா பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் கல்யாணப் பதிவைத் தேடுவது எவ்வளவு பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். லங்காஷயரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஹார்கிரீவ்ஸ் மேல்தான் விழும். மேவிஸ் ஹாக்ஸ்பாட்டத்தில் தேடினாள். சுற்றியிருந்த பன்னிரண்டு சர்ச்சிலும் ஒன்பது சேப்பலிலும் தேடினாள். அதைத் தாண்டித் தேடவில்லை. ஹார்கிரீவ்ஸ் குடும்பத்தில் எவரும் கல்யாணத்துக்காக மூன்று மைல் தாண்டியதில்லை என்பது அவள் எண்ணம். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். பக்கத்து ஊர்க்காரனே அவர்களுக்கு அந்நியன்தான்.

இந்த ஏப்ரலில் சேப்பலிலிருந்து கடிதம் வந்தது. இடுகாட்டை மூடப்போகிறார்கள். குடும்பக் குழியில் மிச்ச இடம் உள்ளவர்கள், குழியை வாங்கியவரின் முறையான வாரிசு என்பதற்குக் காகிதத்தோடு மே மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் வந்து பதிந்துகொள்ள வேண்டும். பதியாத இடம் போனது போனதுதான். மேவிஸ் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஆர்னல்டின் நாற்காலியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

வழி சொன்னவர் மிஸ்டர் கிளெக்தான்.

"மான்செஸ்டர்ல தேடினியா?"

"மான்செஸ்டர்லயா? எங்காளுங்க அங்க எதுக்குப் போகணும்? அங்க என்ன இருக்கு?"

"கூட்டம் இருக்கு. இங்க மூணு ஞாயித்துக்கெழமை கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சா ஊரே காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கும். ஆட்சேபம் இருக்கறவன் எந்திரிச்சுச் சொல்லுவான். அங்க பெரிய கோயில்ல ஒரே மூச்சுல அறுபது பேர வாசிப்பாங்க. எவனுக்கும் ஒண்ணும் காதுல விழாது. மறைக்க வேண்டிய சங்கதி இருக்கறவங்கல்லாம் அங்கதான் ரயிலேறிப் போவாங்க. என் ஆட்டுத் திருடன்கூட..."

"தெரியும் மிஸ்டர் கிளெக். அங்கதான் கட்டுனான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை மேவிஸ் அந்தப் பதிவைக் கண்டுபிடித்தாள். பத்து நாளில் சான்றிதழும் வந்தது. தபால்காரன் கதவு இடுக்கில் போட்டதும் கையிலிருந்த டோஸ்டைக் கீழே வைத்துவிட்டுப் பிரித்தாள். 1868, மான்செஸ்டர். ஏனோக் ஹார்கிரீவ்ஸ், மனைவியை இழந்தவர், ஆலை மேஸ்திரி. செலினா விட்டம், கன்னி. செலினாவுக்கு எழுதத் தெரியாது போலும், கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. மேவிஸுக்கு வந்த சந்தோஷத்தில் மைப்புட்டி மூடி திறக்கமாட்டேன் என்றது. வலக்கையால் திருகிக்கொண்டே இடக்கையால் அடுத்த வரியைத் தொட்டாள். பெண்ணின் தகப்பன் பெயர் தாமஸ் விட்டம், கைத்தறி நெசவாளி.

கை அப்படியே நின்றது. அந்தப் பெயரை அவள் ஏற்கெனவே மையில் எழுதியிருக்கிறாள். எழுந்துபோய் ஹன்னாவின் கல்யாணச் சான்றிதழை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். 1857. ஹன்னா விட்டம். தகப்பன் தாமஸ் விட்டம், கைத்தறி நெசவாளி, அதே ஊர், அதே தெரு.

அக்கா செத்தபின் ஏனோக் தங்கையைக் கட்டியிருக்கிறார். நம் பக்கத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா? கைக்குழந்தைக்கு நல்லதாயிற்று என்று ஊரே கூடி மாலை எடுத்துக் கொடுக்கும். அங்கே அன்றைய சட்டப்படி மனைவியின் தங்கையைக் கட்டினால் அது கல்யாணமே இல்லை. பாதிரியார் ஆசீர்வதித்தாலும் இல்லை, மோதிரம் மாற்றினாலும் இல்லை. அதனால்தான் மான்செஸ்டர், அதனால்தான் அந்தக் கூட்டம். ஏழு வருஷம் தேடி, எட்னா சொன்னதே சரி என்பதற்கான ஆதாரத்தை மேவிஸ் தன் கைக்காசு போட்டு வரவழைத்திருந்தாள்.

சான்றிதழைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். மேவிஸ் அதை மூன்று நாள் நோட்டுக்குள் வைத்திருந்தாள். நான்காம் நாள் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியில் ஊசி குத்திக்கொண்டு எட்னாவின் வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தெருதான். ஆனால் அந்த வீட்டு வாசற்படியை அவள் அதுவரை மிதித்ததில்லை.

எட்னா கதவைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. நீ சொன்னது சரி. கல்யாணம் செல்லாது. எடம் உனக்குத்தான். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எட்னாவின் முகம் முழுக்க வெளிச்சம் வந்தது.

"வாடி உள்ள. வாசல்ல நின்னு சொல்ற சமாச்சாரமா இது. உக்காந்து முழுசாச் சொல்லு. கேக் வெட்டுறேன்."

தோற்றவளுக்கு விருந்து வைப்பதில் எட்னா குறை வைக்கவில்லை. இஞ்சி கேக், நல்ல பீங்கான் கோப்பை, மடித்த துணி எல்லாம் வந்தது. கேக் வெட்டுகிற நேரம் முழுக்க ஹன்னாவின் புகழ்தான். மேவிஸ் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தாள். அங்கே கறுப்புச் சட்டத்துக்குள் ஒரு பழைய நினைவு அட்டை தொங்கியது. ஓரத்தில் வில்லோ மரம், நடுவில் வெள்ளி எழுத்து. 'ஜோஷுவா ஹார்கிரீவ்ஸ் நினைவாக. பிறப்பு 14 அக்டோபர் 1864.'

மேவிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

"எட்னா, ஹன்னா எப்பச் செத்தா?"

"அதான் கல்லுல போட்டிருக்கே."

"என்ன போட்டிருக்கு?"

எட்னா இன்னொரு துண்டு வெட்டினாள். வருஷா வருஷம் வாளியும் பிரஷ்ஷும் கொண்டுபோய் அந்தக் கல்லை அவள் தேய்த்திருக்கிறாள். அறுபது வருஷமாகத் தேய்த்தவள் ஒருநாளும் அதைப் படித்ததில்லை. நம் வீட்டுச் சங்கதியை நாமே எதற்குப் படிப்பது?

"1862, பிப்ரவரி. என் நோட்டுல மொதப் பக்கத்துல இருக்கு" என்றாள் மேவிஸ். "உங்க தாத்தா பொறந்தது 1864ன்னு உன் சொவரு சொல்லுது."

எட்னா கத்தியைக் கீழே வைத்தாள். விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சா?"

"ரெண்டு வருஷம் எட்டு மாசம். அவ்வளவு நாள் எவளும் சொமக்க முடியாது. அப்ப அந்த வீட்டுல இருந்த பொம்பள செலினா ஒருத்திதான். கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்னாடியே. அதான் பையனுக்கு வயசக் கூட்டிச் சொல்லியிருக்காங்க, ஹன்னா பெத்தான்னு ஊரு நம்பட்டும்னு."

சொல்லி முடித்ததும் மேவிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏழு வருஷத்துச் சிரிப்பு. ஆனால் எதிரே எட்னா சிரிக்கவில்லை. எழுந்துபோய் அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுபத்துநாலு வயதில் முதல்முறையாக அதைப் படித்தாள். டீ ஆறிப்போனது.

"அப்ப என்னை எங்கடி போடுவாங்க?" என்று கேட்டாள் கடைசியில். "பிளாக்பூல்லயா, அவன் காலடியில?"

மேவிஸ் தன் தட்டிலிருந்த கேக்கை முழுக்கத் தின்றுவிட்டு எழுந்து வந்தாள். மிச்சம் வைத்தால் மரியாதையாக இருக்காது.

செவ்வாய்க்கிழமை நூலகத்தில் மிஸ்டர் கிளெக்கிடம் கதையைச் சொன்னாள். அவர் ஆட்டுத் திருடனையே மறந்துவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மேவிஸ், பாதிச் சட்டந்தான் உனக்குத் தெரிஞ்சிருக்கு. 1907ல அத மாத்திட்டாங்க. இனிமே கட்டுறது மட்டுமில்ல, அதுவரைக்கும் கட்டுனதும் செல்லும்னுட்டாங்க. ஏனோக்கும் செலினாவும் முறையான புருஷன் பொண்டாட்டி. உங்க தாத்தா ஆல்பர்ட் எப்பப் பொறந்தாரு?"

"1870."

"கல்யாணத்துக்கு அப்புறம். அப்ப நீ முறையான வாரிசு. ஜோஷுவா முன்னாடியே பொறந்தவரு, அந்தம்மா வெளில. நீ ஜெயிச்சுட்ட."

வீட்டுக்கு நடக்கும்போது மேவிஸ் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஜெயிச்சுட்டேன். ஆர்னல்ட் பக்கத்தில் இடம் உறுதி. ஏழு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். ஆனால் மடியில் அட்டையோடு உட்கார்ந்திருந்த எட்னாதான் கண்முன் வந்தாள். அது மேவிஸுக்கு எரிச்சலாக இருந்தது. ஜெயித்த அன்றைக்கும் அந்தப் பொம்பளை நிம்மதியாக விடமாட்டேன் என்கிறாளே.

சனிக்கிழமை சேப்பலின் சின்ன அறையில், இடுகாட்டுப் பதிவைப் பார்க்கும் மிஸ்டர் மிட்ஜ்லி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து யார்க்ஷயர் மாவட்டத்துக்காரர், ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எவரும் அவரோடு இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. ஆதலால் யார் யாருக்கு என்ன உறவு என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பின்வரிசை நாற்காலியில் எட்னா உட்கார்ந்திருந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. எதற்கு வந்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது.

மேவிஸ் மான்செஸ்டர் சான்றிதழை நீட்டினாள். தாத்தா, அப்பா, தான் என்று வரிசையாகக் காகிதங்களை அடுக்கினாள். மிட்ஜ்லி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. பெட்டி ஒண்ணு, அப்படித்தானே?"

"பெட்டி வேணாம். எரிச்சுச் சாம்பலா வெச்சா?"

"சாம்பல்னா அதே எடத்துல ரெண்டு கலசம் வெக்கலாம். ஆனா கண்டவங்களயும் வெக்க முடியாது. புருஷன் பொண்டாட்டி, இல்லன்னா கூடப் பொறந்தவங்க. அவ்வளவுதான் விதி. உங்களுக்கு அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

மேவிஸ் தன் வாழ்நாளில் எந்தப் பாரத்திலும் ஒரு பொய் எழுதியதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் முட்டை எண்ணிக்கையைக்கூடச் சரியாக எழுதியவள்.

"இருக்கா. அதோ பின்னாடி உக்காந்திருக்கா பாருங்க, என் அக்கா."

எட்னாவின் கைப்பை கீழே விழுந்தது.

"அக்காவா? பேரு?"

"எட்னா ஆக்டன். கட்டிக் குடுத்த வீட்டுப் பேரு" என்றாள் மேவிஸ். "எட்னா, வந்து கையெழுத்துப் போடு. சார் எவ்வளவு நேரம் காத்திருப்பாரு."

எட்னா மெல்ல எழுந்து வந்தாள். மிட்ஜ்லி பாரத்தைத் திருப்பி வைத்தார். அவள் பேனாவை வாங்கி, 'ஏனோக், செலினா வழி' என்ற வரியைப் பார்த்தாள். அதன்மேல் விரலை வைத்து ஒருமுறை முணுமுணுவென்று படித்தாள். பிறகு பெயர் எழுதினாள், உறவு எழுதினாள், வயது எழுதினாள், கையெழுத்துப் போட்டாள்.

வெளியே தூறல். சேப்பல் சுவரோரம் இருவரும் நடந்தார்கள்.

"ஏண்டி சொன்ன?" என்றாள் எட்னா.

"ஹெர்பர்ட் சித்தப்பா வாய் ஓயாமப் பேசுவாரு. அவருக்கு ஈடு குடுக்க ஊருல நீ ஒருத்திதான். நீ வந்தீன்னா ஆர்னல்டாவது நிம்மதியாத் தூங்குவான்."

"நாக்குல தேள வெச்சிருக்க." எட்னா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். "நூறு வருஷம் கழிச்சு எவளாச்சும் அந்தப் பாரத்தப் பாத்தா?"

"தலையப் பிச்சுக்குவா. பிச்சுக்கட்டும். நான் பிச்சுக்கலையா? ஆமா, வயசு என்ன போட்ட?"

எட்னா குடையை விரிப்பதில் மும்முரமானாள்.

"எழுபது."

"நாலு வயசக் காணோம்."

"ஒரே குடும்பந்தானடி" என்றாள் எட்னா.

அன்று மாலை மேவிஸ் நோட்டைத் திறந்து தன் பெயர் இருந்த பக்கத்துக்கு வந்தாள். 'உடன்பிறந்தோர்' என்ற இடத்தில் ஆர்னல்டின் பெயர் மட்டும் மையில் இருந்தது. வழக்கம்போலப் பென்சிலைக் கையில் எடுத்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு மைப்புட்டியைத் திறந்து, ஆர்னல்டுக்குக் கீழே எட்னா என்று எழுதி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தாள்.